சமதளம் இல்லாத ஊரில் ஒரு கால்பந்துக் கழகம்: கோத்தகிரி வட்டார நிகழ்வு ஆய்வு

கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் இடையே, தேயிலைச் சரிவுகளுக்கு நடுவில் அமைந்த ஒரு சிற்றூரின் கால்பந்துக் கழகம் இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது. 1970-களின் இறுதியில் உருவான இக்கழகம் மாநில அளவில் பேசப்படும் வெற்றி எதையும் பெற்றதில்லை; இதில் ஆடித் தேசிய அணிக்குச் சென்றவர் எவரும் இல்லை. வட்டார நாக்-அவுட் போட்டிகளில் சில கோப்பைகள், மாவட்ட லீக்கில் ஏற்றமும் இறக்கமும், இருமுறை அடியோடு நின்றுபோன ஆட்டம், இருமுறையும் மீண்டும் கூடிய ஆட்கள் என்பதே இதன் வரலாறு. பழைய ஆட்டக்காரர்களும் இன்றைய நிர்வாகிகளும் அதே ஊரில் வாழ்பவர்கள் என்பதால், கழகத்தின் பெயரோ ஆட்களின் பெயர்களோ இங்கே தரப்படவில்லை.

கழகம் ஏன் நின்றது என்று ஊரில் யாரைக் கேட்டாலும், பையன்கள் பிழைப்புத் தேடித் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட்டார்கள் என்ற பதிலே முதலில் வரும். அதில் உண்மை உண்டு. ஆனால் கழகத்தின் கணக்கு நோட்டுகளையும் தீர்மானப் புத்தகத்தையும் ஆண்டு வரிசையில் வைத்துப் படித்து, அவற்றை எழுதியவர்களிடமும் பேசிய பின், அந்தப் பதில் போதாது என்ற முடிவுக்கு வந்தேன். ஆட்கள் குறைந்த ஆண்டுகளிலும் ஏதோ ஒரு வகையில் ஆட்டம் நடந்திருக்கிறது. மைதானம் இல்லாத ஆண்டுகளில்தான் அது நின்றிருக்கிறது. இருமுறையும் ஆடிய இடத்தின்மீது கழகத்துக்கு எழுத்தில் எந்த உரிமையும் இருக்கவில்லை.

சரிவில் ஒரு மைதானம்

சமவெளியில் பந்து வாங்கக் காசு இல்லாத ஊருக்கும் ஆட இடம் கிடைத்துவிடும். அறுப்பு முடிந்த வயல், வற்றிய கண்மாய், ஊர்ப் பொட்டல் என ஏதாவது ஒன்று இருக்கும். மலையில் அப்படிக் கிடைப்பதில்லை. ஆட்ட விதிகளின்படி முழு அளவுக் கால்பந்து மைதானம் குறைந்தது 90 மீட்டர் நீளமும் 45 மீட்டர் அகலமும் கொண்டிருக்க வேண்டும். தேயிலைத் தோட்டங்களில் 15 பாகைச் சரிவு என்பது மிதமான சரிவுதான். அத்தகைய சரிவில் 45 மீட்டர் அகலத்தை எடுத்துக்கொண்டால், அதன் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் இடையே ஏறத்தாழ 12 மீட்டர், அதாவது 40 அடி, உயர வேறுபாடு இருக்கும். அதைச் சமமாக்க மேல்விளிம்பில் 6 மீட்டர் ஆழம் வெட்டி, அந்த மண்ணைக் கொண்டுபோய்க் கீழ்விளிம்பில் 6 மீட்டர் உயரத்துக்கு நிரப்ப வேண்டும். அவ்வாறு செய்தால் மைதானத்தின் ஒரு பாதி இறுகிய பழைய மண்மீதும், மறு பாதி தளர்ந்த புது மண்மீதும் நிற்கும். கீழ்ப்பக்கம் உறுதியான கல்கட்டும், மேற்பக்கம் நீரை விலக்கிவிடும் வடிகாலும் இல்லாவிட்டால், ஒரு கனமழையில் அந்தப் புது மண் இறங்கிவிடும். இந்தக் கணக்கை ஊன்றிப் பார்த்தவர்களுக்கு, நீலகிரியில் நல்ல மைதானங்கள் பெரும்பாலும் அரசிடமும், படைமுகாமிடமும், பழைய பள்ளிகளிடமும், தொழிற்சாலைகளிடமும் மட்டுமே ஏன் உள்ளன என்பது விளங்கும்.

இக்கழகத்தின் முதல் மைதானம் ஒரு தனியார் எஸ்டேட்டுக்குச் சொந்தமானது. தேயிலை ஆலைக்குக் கீழே, ஒரு காலத்தில் நாற்றங்காலாக இருந்து கைவிடப்பட்ட தட்டான இடம் அது. நீளம் ஏறத்தாழ 60 மீட்டர், அகலம் 35 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆகவே அங்கே பதினொருவர் ஆட்டத்துக்கு வழியில்லை. ஊருக்குள் நடந்த ஆட்டமெல்லாம் எழுவர் ஆட்டமாகவே இருந்தது. தரையில் கிக்கியூ புல் தானாகவே பரவியிருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்ட இந்தப் புல் சோலைகளுக்கும் மலைப் புல்வெளிகளுக்கும் பெருங்கேடாக வளர்ந்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் மிதித்தாலும் சாகாமல் படர்ந்து, விழுபவனின் முழங்காலைக் காப்பாற்றும் தரையையும் அதுதான் தந்தது. மைதானத்தின் ஒரு பக்கம் ஆலைச் சுவர், மறுபக்கம் தேயிலைச் சரிவு. சரிவில் பந்து போனால் அடித்தவனே இறங்கி எடுத்துவர வேண்டும் என்பது எழுதப்படாத விதி. அந்த விதியால் இக்கழகத்தின் ஆட்டக்காரர்கள் பந்தைத் தூக்கி அடிக்கத் தயங்கி, தரையோடு தரையாகக் குறுகிய பாஸ்களாகக் கொடுத்தே பழகினார்கள். பிற்காலத்தில் வெளியூர் அணிகள் இந்த ஊர்க்காரர்களிடம் கண்டு வியந்த ஆட்ட முறை இப்படித்தான் உருவானது என்று பழைய ஆட்டக்காரர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது.

1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளர்களுக்குப் பொழுதுபோக்கு வசதி செய்துதரும்படி தோட்ட உரிமையாளர்களைக் கட்டாயப்படுத்தும் விதிகளை வகுக்க மாநில அரசுக்கு இடமளித்தது. அந்தச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி மைதானத்தை எழுத்தில் கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய தேவையும் அன்று தோன்றவில்லை. அப்போதிருந்த மேனேஜர் கால்பந்துப் பிரியர். அவர் வாயால் சொன்ன அனுமதியே போதுமானதாக இருந்தது. வெளியூர் ஆட்டத்துக்கு எஸ்டேட் லாரியும் கிடைத்தது.

லைன் வீடுகளும் ஹட்டிகளும்

முதல் அணியில் மூன்று வகைக் குடும்பங்களின் பிள்ளைகள் இருந்தார்கள். தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டப்பட்ட எஸ்டேட் லைன் வீடுகளில் தலைமுறையாக வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் ஒரு பகுதி. பக்கத்திலுள்ள படுகர் ஊர்களான ஹட்டிகளிலிருந்து, சொந்தமாகத் தேயிலைத் தோட்டம் உள்ள குடும்பத்துப் பிள்ளைகள் இன்னொரு பகுதி. மூன்றாம் பகுதியினர் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக ஒப்புக்கொண்டது. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக மலையேறிய குடும்பங்களுக்கு வேலை தரவே 1968-இல் வனத்துறையின் கீழ் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டது. அதுவே பின்னர் டான்டீ என்ற தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. எல்லாக் குடும்பங்களுக்கும் அங்கே இடம் கிடைக்கவில்லை. பலர் தனியார் எஸ்டேட்டுகளிலும் காய்கறித் தோட்டங்களிலும் கூலி வேலைக்குச் சேர்ந்து இந்த வட்டாரத்தில் தங்கினார்கள்.

இந்த மூன்று தரப்பினரும் அன்றாட வாழ்வில் ஒன்றாகப் புழங்கியவர்கள் அல்லர். வேலை, கூலி, நிலம், குடிநீர் என ஒவ்வொன்றிலும் அவர்களுக்கிடையே உரசல் இருந்தது. வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்தைப் பெரட்டுக்களம் என்றும் லைன் வீட்டை லயம் என்றும் பேசிய இலங்கைக் குடும்பத்துப் பிள்ளைகளை மற்றவர்கள் சிலோன்காரப் பையன்கள் என்றே அழைத்தார்கள். அந்த அழைப்பில் எப்போதும் அன்பு இருந்ததாகச் சொல்ல முடியாது. கழகம் இந்த உரசலைத் தீர்த்துவைத்தது என்று எழுதினால் அது மிகை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ஒரே அணியில் ஆடுவதற்கு ஒரு காரணத்தை அது உண்டாக்கித் தந்தது. ஹெத்தை அம்மன் பண்டிகையையொட்டி ஹட்டிப் பையன்கள் வராத வாரங்களில் மற்றவர்கள் ஆட்டத்தைத் தள்ளிவைத்ததும், மாரியம்மன் திருவிழாவுக்கு லைன் வீட்டுப் பையன்கள் விடுப்பெடுத்தபோது ஹட்டிக்காரர்கள் அவ்வாறே செய்ததும் தீர்மானப் புத்தகத்தில் சாதாரணத் தகவல்களாகப் பதிவாகியுள்ளன.

ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவர் குன்னூரை அடுத்த வெலிங்டன் படைமுகாமில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒரு படைவீரர். அவர் எங்கிருந்து வந்தார் என்பது இங்கே முக்கியமானது. 1888-இல் சிம்லாவில் தொடங்கிய டூராண்ட் கால்பந்துக் கோப்பையை, வெலிங்டனைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் என்ற படைப்பிரிவு மையத்தின் அணி 1955-லும் 1958-லும் வென்றது. அந்த அணியின் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ். பின்னர் 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் இடம்பெற்று, 1967-இல் அர்ஜுனா விருதும் பெற்றவர் அவர். இந்தியக் கால்பந்தின் பொற்காலம் என்று எல்லோரும் சொல்லும் காலத்தின் ஒரு பகுதி நம் மலையிலேயே நடந்திருக்கிறது என்பதை இன்று இங்குள்ள பள்ளிப் பிள்ளைகளிடம் யாரும் சொல்வதில்லை. எனக்கு இது உண்மையிலேயே வருத்தமளிக்கும் விஷயம். அந்தப் படைவீரர் தங்கராஜின் கதைகளைச் சொல்லியே பையன்களை மைதானத்துக்கு வரவழைத்தார். விடியற்காலைப் பனியில் ஓட்டம், பந்து இல்லாமல் அரை மணி நேரம் உடற்பயிற்சி, தாமதமாக வந்தவனுக்கு அன்று ஆட்டம் இல்லை என்பவை அவருடைய வழக்கங்கள். அவர் இருந்தவரை கழகத்துக்கு விதிப்புத்தகம் தேவைப்படவில்லை.

பந்தும் காற்றும்

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் உள்ள கோத்தகிரியில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. 2,240 மீட்டர் உயரமுள்ள ஊட்டியில் இன்னும் குறைவு. 1970, 1986 ஆகிய உலகக் கோப்பைகளின் இறுதியாட்டங்கள் நடந்த மெக்சிகோ நகரமும் ஏறத்தாழ ஊட்டியின் உயரத்திலேயே அமைந்திருக்கிறது. இவ்வளவு உயரத்தில் ஆடுவது நியாயமா என்ற விவாதம் உலக அளவில் இருந்துவந்தது. 2007-இல் 2,500 மீட்டருக்கு மேல் சர்வதேச ஆட்டங்களுக்கு ஃபிஃபா தடை விதித்தது. தென் அமெரிக்க நாடுகளின் எதிர்ப்பால் 2008-இல் அதைக் கைவிட்டது. ஊட்டி அந்த எல்லைக்கும் கீழேதான் உள்ளது. எனினும் மேட்டுப்பாளையத்திலிருந்து காலையில் ஏறிவந்து பிற்பகலில் ஆடும் அணிக்கு இரண்டாம் பாதியில் மூச்சு வாங்குவதை ஊட்டியில் எச்.ஏ.டி.பி. எனப்படும் மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்ட மைதானத்தில் உட்கார்ந்து பார்த்த எவரும் கண்டிருப்பார்கள்.

மலை அணி கீழே இறங்கும்போது தொல்லை வேறு வடிவில் வரும். வெயிலை விடுங்கள், பந்தே மாறிவிடும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர்தான். ஆனால் அந்தத் தூரத்தில் ஏறத்தாழ 1,500 மீட்டர் இறங்கிவிடுகிறோம். மேலே சரியாகக் காற்றடித்த பந்து, கீழே வெளிக்காற்றின் அழுத்தம் கூடுவதால் தொட்டாலே தெரியும் அளவுக்கு மெத்தென்று ஆகிவிடும். அடர்ந்த காற்றில் அது மெதுவாகப் பறக்கும். கோல்கீப்பர் எதிர்பார்க்காத வகையில் வளையும். பந்தின் உள்ளழுத்தம் 0.6 முதல் 1.1 வளிமண்டல அழுத்தத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. முதல் சில பயணங்களில் பந்து பஞ்சர் என்று நினைத்து உள்ளே காற்றடைக்கும் பிளாடரை மாற்றியதற்கான செலவு கணக்கு நோட்டில் இருக்கிறது. அதன் பிறகு, கீழே ஆடப்போகும் நாள்களில் பம்பும் ஊசியும் ஜெர்சிப் பையில் போகும். இறங்கியதும் காற்றடித்துவிட்டு, கார்னரும் ஃப்ரீகிக்கும் கால் மணி நேரம் அடித்துப் பழகிய பிறகே அணி களமிறங்கும் என்ற ஏற்பாடு வந்தது. இயற்பியல் படிக்காத ஆட்கள் தங்கள் அனுபவத்திலிருந்து இவ்வளவு துல்லியமாக ஒரு முறையை வகுத்துக்கொண்டதை இக்கழகத்தின் பெரிய சாதனைகளுள் ஒன்றாகவே கருதுகிறேன்.

மழையில் தோல்பந்து நீர் குடித்துக் கனத்துவிடும். நீலகிரியின் கிழக்குப் பகுதிக்கு வடகிழக்குப் பருவமழையே முதன்மையானது என்பதால், அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெரும்பாலும் ஆட்டம் இருக்காது; பொங்கலுக்குப் பிறகே தொடங்கும். கூடலூர், பந்தலூர்ப் பக்கத்தில் தென்மேற்குப் பருவமழையே ஆட்ட நாள்களை முடிவு செய்கிறது. ஒரே மாவட்டத்தின் இரு பகுதிகளுக்கும் ஒரே லீக் அட்டவணை போடுவது எவ்வளவு கடினம் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

முதல் முறிவு

1990-களின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தது. நீலகிரியின் சிறு விவசாயிகள் பல்லாயிரம் பேரை அந்தச் சரிவு கடனில் தள்ளியது. ஹட்டிப் பையன்கள் படிப்புக்கும் வேலைக்கும் பெங்களூரு, கோவை எனக் கிளம்பினார்கள். லைன் வீட்டுப் பையன்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போனார்கள். இதே காலத்தில் எஸ்டேட் கைமாறியது. புதிய நிர்வாகம் மைதானத்தில் மீண்டும் நாற்றங்கால் போட்டு, வேலி அடைத்தது. கழகத்தினர் போய்ப் பேசியபோது, அனுமதிக் கடிதம் இருந்தால் காட்டும்படி கேட்டார்கள். பழைய மேனேஜர் ஊரைவிட்டே போயிருந்தார். காட்டக் கையில் ஒரு தாள்கூட இருக்கவில்லை.

நிர்வாகத்தைக் குறைசொல்வது எளிது. நிலம் அவர்களுடையது, கேட்டது சட்டப்படி சரியான கேள்வி. இருபது ஆண்டுகளுக்கு அருகில் அந்த இடத்தில் புல் வெட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு, மூங்கில் கம்பத்தை மாற்றி இரும்புக் கம்பம் நட்ட கழகம், அந்த ஆண்டுகளில் ஒருமுறையாவது ஒரு கடிதம் எழுதி, மேனேஜரிடம் கையொப்பமும் ஆபீஸ் முத்திரையும் வாங்கியிருக்க வேண்டும். சொந்த உரிமை கிடைத்திருக்காது. ஆனால் பேச்சுவார்த்தைக்கு ஒரு பிடி இருந்திருக்கும்.

ஊர்மாறி ஆடிய ஆண்டுகள்

மைதானம் போன பின் சில ஆண்டுகள் கழகம் வெளியூர்ப் போட்டிகளுக்குப் போகும் பெயராக மட்டுமே இருந்தது. இந்தக் காலத்தைத்தான் ஊரில் பலர் பெருமையோடு நினைவுகூர்கிறார்கள். நான் அவர்களோடு உடன்படவில்லை. கூடலூர், பந்தலூர்ப் பக்கத்தில் செவன்ஸ் எனப்படும் எழுவர் போட்டிகள் கேரளத்து மலப்புறத்துச் செவன்ஸின் சாயலில் நடப்பவை. கேலரி கட்டி, டிக்கெட் போட்டு, மின்விளக்கில் ஆடும் அந்த ஆட்டத்தின் வேகமும் கூட்டமும் பார்ப்பவரைக் கட்டிப்போடும். ஆனால் அங்கே வெல்வதற்குக் கெஸ்ட் பிளேயர் வேண்டும். மலப்புறத்துச் செவன்ஸ் அணிகள் ஆப்பிரிக்க ஆட்டக்காரர்களையே அமர்த்தி ஆடும் அளவுக்கு அந்த வழக்கம் வேரூன்றியிருக்கிறது. இக்கழகமும் எழுவரில் நால்வரை வெளியிலிருந்து ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசி அழைத்துப் போனது.

கணக்கு நோட்டைப் பார்த்தால் மாற்றம் கண்ணுக்கு நேரே தெரியும். 1980-களின் பக்கங்களில் நீளவாட்டு நோட்டில் சிவப்பு மையில் கோடு போட்டு, பிளாடர் ஒட்டியது, சுண்ணாம்பு, வலை தைக்க நைலான் கயிறு, ரெஃப்ரிக்கு டீயும் பன்னும் என்று ஒவ்வொரு செலவும் தனி வரியாக எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவரை ஊரில் இன்றும் கணக்கு அண்ணன் என்றே அழைக்கிறார்கள். செவன்ஸ் ஆண்டுகளில் அவருடைய கையெழுத்து நின்றுவிடுகிறது. அதன் பிறகு என்ட்ரி ஃபீஸ், வேன் வாடகை, ஆட்டக்காரர் என்று மூன்றே தலைப்புகள். மூன்றாவதற்கு எதிரே பெயரும் இல்லை, கையொப்பமும் இல்லை. உறுப்பினர்களின் சந்தா முழுவதும் இரண்டு போட்டிகளில் கரைந்துவிட, ஊர்ப் பையன்கள் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார்கள். கோப்பை வந்தது, உண்மைதான். அதே ஆண்டுகளில் புதிதாகச் சேர்ந்த பதின்வயதினர் பெயர் ஒன்றுகூட உறுப்பினர் பட்டியலில் இல்லை. ஆட ஆள் இல்லை என்ற நிலை திருப்பூரால் மட்டும் வந்ததன்று. ஆட வந்தவனுக்கு இடம் கொடுக்காததாலும் வந்தது.

தாங்களே வெட்டிய மைதானம்

இந்தத் தவறை உணர்ந்தவர்களும் கழகத்துக்குள் இருந்தார்கள். ஊருக்கு மேலே தரிசாகக் கிடந்த ஒரு சரிவில் சொந்த மைதானம் போடுவது என்று அவர்கள் முடிவெடுத்தார்கள். நிலம் உறுப்பினர் ஒருவரின் உறவினர் குடும்பத்துக்குச் சொந்தம். இங்கும் வாய்ச்சொல்லே ஆவணம். ஊர்க்காரர்கள் வசூல் கொடுத்தார்கள், ஜேசிபி வாடகைக்கு வந்தது, கோடை விடுமுறை முழுவதும் பெண்களும் பிள்ளைகளும் மண் சுமந்தார்கள். நீலகிரி போன்ற மலைப்பகுதியில் மண் வெட்டி நிலத்தின் அமைப்பை மாற்றுவதற்கு அரசு அனுமதி வேண்டும், அது பெறப்படவில்லை. கீழ்விளிம்பில் கல்கட்டுக்குப் பதிலாக வெட்டிய மண்ணையே குவித்து மிதித்தார்கள். மேல்விளிம்பில் வடிகால் வெட்டவில்லை. எவ்வளவு உழைப்பு, எவ்வளவு ஆசை அதில் போனது என்பதை அறிந்தும் இதைக் கண்டிப்பாக எழுத வேண்டியிருக்கிறது: அந்த மைதானத்துக்குக் கீழே வீடுகள் இருந்தன. அங்கே அப்படி ஒரு மண்மேட்டை எழுப்பியிருக்கக் கூடாது.

2009 நவம்பர் இரண்டாம் வாரத்தில் நீலகிரியில் கொட்டிய மழையை இங்கே யாரும் மறக்கவில்லை. கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் பதிவானது. குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பகுதிகளில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலை ரயில் பாதையும் சாலைகளும் துண்டிக்கப்பட்டன. கழகத்தின் புதிய மைதானத்தில் நிரப்பிய பாதி, கோல் கம்பத்தோடு இறங்கித் தேயிலைச் செடிகளின்மீது படர்ந்து, முதல் வீட்டுக்குச் சற்று மேலே நின்றது. ஆள் சேதம் இல்லை. நிலத்துக்காரர் மீதியிருந்த தட்டான பகுதியில் காரட் போட்டார். அவரைக் கேட்க யாருக்கும் வாய் எழவில்லை. கழகம் இரண்டாம் முறையாக நின்றது.

எழுத்தில் தொடங்கிய கழகம்

சில ஆண்டுகள் கழித்து மீண்டும் கூடியவர்கள் முதலில் பந்து வாங்கவில்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ்க் கழகத்தைப் பதிவு செய்தார்கள். குறைந்தது ஏழு பேர் கையொப்பமிட்டால் சங்கம் பதிவாகும், துணைவிதிகள் வேண்டும், ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டிக் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். அந்தத் துணைவிதிகளில் இரண்டு, பழைய காயங்களிலிருந்து நேரடியாகப் பிறந்தவை. ஓர் ஆட்டத்தில் உறுப்பினரல்லாத ஒருவரையும் பணம் கொடுத்து இறக்கக் கூடாது என்பது ஒன்று. எழுத்துபூர்வமான அனுமதி இல்லாத எந்த நிலத்திலும் கழகப் பணத்தைச் செலவிடக் கூடாது என்பது மற்றொன்று. கணக்கு அண்ணன் மீண்டும் பொருளாளர் ஆனார். வயது காரணமாக எழுதும் வேலையை அவருடைய பேத்தி பார்க்கிறாள்.

இடத்துக்கு அரசுப் பள்ளியை அணுகினார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மையினர் என்பதால், கழகத்தின் உறுப்பினர்கள் சிலர் அதிலும் இருந்தார்கள். பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறை நாள்களிலும் மைதானத்தைப் பயன்படுத்தலாம். புல் வெட்டுவது, பந்து பட்டு உடையும் கூரை ஓடுகளையும் கண்ணாடிகளையும் மாற்றிக்கொடுப்பது, கேட் சாவிக்குப் பொறுப்பேற்பது ஆகியவை கழகத்தின் கடமை என்று தீர்மானம் நிறைவேறியது. தலைமையாசிரியர் மாறும்போதெல்லாம் அந்தத் தீர்மானத்தின் நகலோடு போய்ப் புதியவரைச் சந்திப்பது செயலாளரின் முதல் வேலை.

மாலைப் பயிற்சி ஐந்தரை மணிக்கு முடிந்துவிட வேண்டும் என்பது இன்றைய கட்டாயம். பொழுது சாயும் நேரத்தில் காட்டுமாடுகள் கிக்கியூ புல்லுக்காகப் பள்ளி மைதானத்துக்கே வந்துவிடுகின்றன. அவை எவ்வளவு சாதுவாக மேய்ந்தாலும், கன்றோடு நிற்கும்போது பிள்ளைகளை அந்தப் பக்கம் அனுப்ப முடியாது. வேலிக் கம்பியைத் தட்டி ஓசை எழுப்பி விரட்டும் பழக்கத்தைக் கழகம் தடைசெய்துவிட்டு, ஆட்ட நேரத்தை மாற்றிக்கொண்டது. இது சரியான முடிவு.

மூன்றாவது பிறவியில் கழகத்தின் முகம் மாறியிருக்கிறது. மூத்தோர் அணி இருந்தாலும், முதன்மையானவை 13 வயதுக்குட்பட்டோர் அணியும் பெண்கள் அணியும்தான். பெண்கள் அணியைத் தொடங்கியபோது பெற்றோரின் தயக்கம் ஆட்டத்தின்மேல் எழவில்லை. யார் கூட்டிப்போய் யார் திரும்பக் கொண்டுவருவது என்பதே அவர்களுடைய கேள்வி. கொழுந்து பறிக்கும் வேலை பார்க்கும் ஓர் அக்கா மேலாளராகப் பொறுப்பேற்று, ஒவ்வொரு பிள்ளையையும் வீட்டு வாசலில் விட்டுவிட்டே தன் வீட்டுக்குப் போவது என்று வைத்துக்கொண்ட பிறகு அந்தக் கேள்வி எழவில்லை. ஆஃப்சைடு விதியைக் கூழாங்கற்களை வரிசையாக வைத்து அவர் விளக்குவதைப் பார்த்திருக்கிறேன். கடைசித் தடுப்பாட்டக்காரராக ஒரு கல்லை வைத்து, பந்து காலைவிட்டுப் புறப்படும் அந்த நொடியில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதுதான் கணக்கு, பந்து போய்ச் சேரும்போது நிற்கும் இடம் கணக்கில்லை என்று அவர் சொன்னபோது, பல ஆண்டுகள் ஆடிய ஆண்களுக்கே அது தெளிவாகியது.

வயதுப் பிரிவு ஆட்டங்களுக்குப் போவதில் ஒரு நடைமுறைச் சிக்கல் தொடர்கிறது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் இணையவழிப் பதிவில் ஒவ்வோர் ஆட்டக்காரரின் பிறப்புச் சான்றும் அடையாள ஆவணமும் ஒத்திருக்க வேண்டும். எஸ்டேட் விட்டு எஸ்டேட் மாறி வேலை பார்த்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றில் ஓர் எழுத்து, ஆதாரில் இன்னோர் எழுத்து, பள்ளிச் சான்றில் வேறொரு தேதி என்று இருப்பது வழக்கம். நன்றாக ஆடும் பிள்ளை ஒரு தலைப்பெழுத்துக்காக ஓராண்டை இழக்க நேர்ந்திருக்கிறது. இப்போது கழகத்தில் சேரும் நாளிலேயே ஆவணங்களைச் சரிபார்த்து, திருத்தம் வேண்டியிருந்தால் பெற்றோருடன் தாலுகா அலுவலகத்துக்குப் போய்வருகிறார் செயலாளர். பயிற்சியாளரைவிட இந்த வேலையே அதிகம் பேரை ஆட வைத்திருக்கிறது என்பது என் கணிப்பு.

பள்ளி மைதானமும் முழு அளவினதன்று. பதினொருவர் ஆட்டத்துக்கு ஊட்டிக்கோ கோத்தகிரி நகருக்கோ போக வேண்டியிருப்பதால், மூத்தோர் அணியை மாவட்ட லீக்கில் சேர்ப்பதைக் கடந்த பொதுக்குழு ஒத்திவைத்தது. வேன் வாடகைக்கு ஆகும் பணத்தில் பிள்ளைகளுக்கு நாலாம் எண், ஐந்தாம் எண் பந்துகளும் பூட்ஸும் வாங்குவது என்று வாக்கெடுத்து முடிவு செய்தார்கள். மூத்த ஆட்டக்காரர்களில் சிலர் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். ஓரிருவர் திரும்பி வந்து பயிற்சி கொடுக்கிறார்கள். முழு மைதானத்துக்காக ஊராட்சிக்கு உட்பட்ட புறம்போக்கு நிலம் ஒன்றைக் கேட்டு வருவாய்த் துறைக்கு அனுப்பிய மனு, நில அளவை வரைபடமும் புவியியல் துறையின் கருத்தும் வேண்டும் என்ற குறிப்போடு திரும்பியிருக்கிறது. வரைபடத்துக்கான கட்டணத்தை இந்தத் தை மாதச் சந்தாவிலிருந்து கட்டுவது என்றும், புவியியல் துறை அந்தச் சரிவு தாங்காது என்று சொன்னால் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்வது என்றும் செயற்குழு தீர்மானம் எழுதிக் கையொப்பமிட்டுள்ளது.